நூற்றிருபத்தேழு வரவில்லை

வாளமங்கலம்
ஆகஸ்ட் 6, ஞாயிறு

என் எண்ணுக்குப் பூட்டுப் போட்ட அண்ணனுக்கு,

வாட்ஸ்அப்பில் ப்ளாக். இன்ஸ்டாவில் ப்ளாக். அப்பாவின் பட்டன் போனிலிருந்து அடித்தால் என் குரல் கேட்டதும் கட். சரி, பட்டுக்கோட்டையிலிருந்து கிளம்புகிற தபால் பையை எப்படி ப்ளாக் செய்கிறாய் என்று பார்க்கிறேன்.

ஒப்புக்கொள்கிறேன். உன் போனில் "கைடு சார்" என்ற பெயருக்கு அடியில் என் எண்ணைப் போட்டு வைத்தது நான்தான். "செழியன், லேபுக்குள் எலி புகுந்து உன் கெப்பாசிட்டரைத் தின்றுவிட்டது, உடனே வா" என்று ஞாயிற்றுக்கிழமை விடியலில் அனுப்பியதும் நான்தான். ஆனால் அண்ணே, உனக்கே மைக்ராஸ்கோப் வைத்தால்தான் தெரிகிற கெப்பாசிட்டரை எலி எப்படித் தேடிக் கண்டுபிடித்துத் தின்னும்? நீ லுங்கியோடு ஓடியதும், ஓடியதோடு நிற்காமல் நிஜ சாருக்குப் போன் போட்டு "எலியைப் பிடிச்சாச்சா சார்" என்று கேட்டதும் உன் சொந்தத் திறமை. அதற்கு நான் பொறுப்பில்லை.

அப்பாவிடம் நீ சொல்லி அனுப்பிய நிபந்தனை வந்து சேர்ந்தது. அப்பா அதை மனப்பாடமாக ஒப்பித்தார்: "அவ போட்டோ அனுப்பினா நம்ப மாட்டானாம். பேனாவால எழுதி தபால்ல போடணுமாம். அடிச்சுத் திருத்தக் கூடாதாம். என்னத்தம்மா பண்ணித் தொலைச்ச?"

ஜூனில் நம் ஒரே ஏக்கரான மூன்று மா வயலில், மதகை ஒட்டி நீ நட்டுவைத்துப் போன பெட்டி உயிரோடு இருக்கிறது. சேற்றிலிருந்தே கொஞ்சம் மின்சாரம் உறிஞ்சி, அந்தச் சேற்றின் ஈரத்தையே அளந்து சொல்கிற பெட்டி. வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே வீட்டைக் குறை சொல்கிற என்னைப் போல. வெயிலும் காக்கையும் படாமல் அப்பா அதன்மேல் பழைய பெயிண்ட் வாளியைக் கவிழ்த்திருக்கிறார். ஊரில் அதற்கு "செழியன் வாளி" என்று பெயராகிவிட்டது.

தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாளியைத் தூக்கிப் பொத்தானை அமுக்குகிறேன். எட்டுக் குட்டி விளக்கு. 128, 64, 32, 16, 8, 4, 2, 1. எரிகிறவற்றை மட்டும் கூட்டினால் அன்றைய எண். எட்டு பிட் என்று நீ பெருமையாகச் சொன்னாய். என்னிடம் எட்டு பிட் இருந்திருந்தால் கெமிஸ்ட்ரியில் தேறியிருப்பேன்.

ஒரு வார எண்கள் தனித் தாளில். 172-இல் தொடங்கி 160-க்கு வந்திருக்கிறது. நல்ல பிள்ளையாகப் பார்த்து எழுதியவை.

பூட்டப்பட்ட தங்கை,
செம்மொழி


பெங்களூரு
ஆகஸ்ட் 12, சனி

செம்மொழிக்கு,

கடிதம் வந்தது. சிரிக்கவில்லை.

எலி விஷயத்தில் சார் என்னை ஒன்றும் சொல்லவில்லை. லேபில் உள்ள மற்ற ஐந்து பேரும் இன்றுவரை என் மேசையில் பொரி கடலை வைத்துவிட்டுப் போகிறார்கள். இந்த லேபுக்குள் நுழைய நான் பட்ட பாட்டை உனக்குச் சொன்னதில்லை. நம் வீட்டில் இதற்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை என்பதை என்னால் ஒரு நாள்கூட மறந்து உட்கார முடிவதில்லை இங்கே. அதனால் வேடிக்கை வேண்டாம். பேனா, காகிதம், தபால். அவ்வளவுதான்.

எதற்கு இந்த எண்கள் என்று தெரிந்தால் ஒழுங்காகப் பார்ப்பாய் என்பதால் சொல்கிறேன்.

சேறு தருகிற மின்சாரம் மிகச் சொற்பம். ஒரு கைக்கடிகாரம்கூட அதில் மூச்சு வாங்கும். அதில் ஓட வேண்டுமென்றால் மின்சாரம் குடிக்கிற ஆம்ப்ளிஃபையர் பெருக்கிகளை எல்லாம் எடுத்துவிட வேண்டும். மிச்சம் வெறும் கெப்பாசிட்டர்களும் சுவிட்சுகளும், எது பெரிது என்று ஒப்பிட ஒரே ஒரு மின்சுற்றும். கெப்பாசிட்டர் தானாக ஒன்றும் செய்யாது. கொடுத்ததை வைத்துக்கொள்ளும், கேட்டால் பங்கு தரும்.

ரேஷன் கடைத் தராசை நினைத்துக்கொள். எடைக்கற்கள் எட்டு: 128, 64, 32 என்று கடைசியில் 1 வரை. பெரிய கல்லை முதலில் வைக்கிறோம். பொருள் அதைவிடக் கனமென்றால் கல் தங்கும், இல்லையென்றால் எடுத்துவிட்டு அடுத்த கல். கெப்பாசிட்டர்கள்தான் என் கற்கள். வெயிலில் சுவிட்சு கசியும். கசிந்தால் பெரிய கல்தான் அதிகம் இளைக்கும். 128 இருக்க வேண்டிய கல் 126½ ஆகிவிட்டது என்று வை. இப்போது 127 எடையுள்ள பொருளை வைத்தால், பெரிய கல்லைவிடக் கனம் என்று தராசு சொல்லும். கல் தங்கிவிடும். 128 என்று எழுதிவிடும். 127 என்ற எண் அந்தத் தராசின் வாயில் ஒருநாளும் வராது. 126-இலிருந்து நேரே 128.

இதே வரைபடத்தில் முன்பு செய்த ஒரே சோதனைச் சிப் இப்போது உன் பெட்டிக்குள் இருக்கிறது; இங்கே ஏசி அறையில் அதில் 127 வந்தது. வயலில், வெயிலில், சேற்று மின்சாரத்தில் வருமா என்று தெரியவில்லை. நான் கொண்டுவந்த சேறு லேபில் இரண்டே நாளில் செத்துவிட்டது. அதனால் உன் கண்தான் எனக்கு வழி. 127 வந்தால் இருக்கிற வரைபடத்தையே அனுப்பலாம். வராவிட்டால் பெரிய கல்லை நாலாகப் பிரித்து மறுபடி வரைய வேண்டும், மூன்று வார வேலை.

செப்டம்பர் 25 தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டிய நாள். சிப் கைக்கு வர பிப்ரவரி ஆகும். என் ஃபெல்லோஷிப்பும் பிப்ரவரியோடு முடிகிறது. இரண்டாம் தடவை என்பது கிடையாது.

செழியன்


வாளமங்கலம்
ஆகஸ்ட் 27, ஞாயிறு

தராசுக்கார அண்ணனுக்கு,

கல், கசிவு எல்லாம் புரிந்தது. பெருக்கி இல்லாமல் சும்மா இருக்கிற பொருட்களை மட்டும் வைத்தே காரியம் சாதிக்கலாம் என்று நீ கண்டுபிடித்ததை அம்மாவிடம் சொன்னேன். "அப்ப உன்னைய வெச்சும் ஏதாவது சாதிக்கச் சொல்லு" என்றது.

எண்கள் தனித் தாளில். 158-இலிருந்து இறங்கி இன்று 131.

ஏன் இறங்குகிறது என்று கேட்க மாட்டாய், ஆனாலும் சொல்கிறேன். முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்களாம். ஆறு நாள் விடுவது, ஆறு நாள் அடைப்பது. நம் பக்கம் மூன்று முறை வரவேண்டியது ஒரு முறைதான் வந்தது. மற்ற இரண்டு முறையும் நம்மைப் பார்த்து முறைத்துவிட்டுப் போனது. கடைமடையில் இருப்பதால் கடைசி மடையர்கள் நாம்தான் என்று முடிவாகிவிட்டது.

வியாழக்கிழமை ஷட்டர் பார்க்கிற லஸ்கர் அன்பரசன் வந்திருந்தார். அப்பா கேட்டார், "ஒரு சாண் தூக்கிவிடுங்க தம்பி. பயிர் பூட்டை வந்து கதிர் தள்ளுற நேரம்."

"தண்ணி இருந்தா ஒரு முழமே தூக்குவேன்ணே. இப்ப தூக்கினா காத்துதான் வரும்."

"காத்தாவது வரட்டும், தூக்குங்க."

அவர் தூக்கினார். காற்றுதான் வந்தது.

அப்புறம் அப்பா என் பின்னால் வந்து நின்றுகொண்டு, "அவன் பெட்டி என்ன சொல்லுது" என்றார்.

"நூத்து முப்பத்தஞ்சுப்பா."

"அது நல்லதா கெட்டதா?"

எண் இறங்கினால் அண்ணனுக்கு நல்லது, நமக்குக் கெட்டது என்று வாய் வரை வந்தது. "சுமார்" என்றேன்.

செம்மொழி


பெங்களூரு
செப்டம்பர் 2, சனி

அன்புள்ள மொழிக்கு,

131 என்று பார்த்ததும் லேபில் கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் அது எந்த வயலின் எண் என்று உறைத்தது. அப்பாவிடம் இதைச் சொல்லாதே.

இருந்தாலும் கேட்கிறேன், வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். இன்னும் நாலே படி இருக்கிறது. இந்த வாரம் ஒரு நாளும் விட்டுவிடாதே. 130, 129, 128, அப்புறம் 127. முதல் விளக்கு அணைந்து மற்ற ஏழும் எரியும். அதை மட்டும் பார்த்துவிட்டால் போதும். மூன்று வாரமாக நான் சரியாகத் தூங்கவில்லை. 127 வந்தது என்று ஒரு வரி எழுது, அதற்குமேல் இந்த வருஷம் யாரிடமும் நான் எதுவும் கேட்கப் போவதில்லை.

பயிர் எப்படி இருக்கிறது என்றும் எழுது.

செழியன்


வாளமங்கலம்
செப்டம்பர் 8, வெள்ளி

அண்ணே,

வந்துவிட்டது. வாளிக்குள்ளிருந்து ஏழு விளக்கும் என்னைப் பார்த்துப் பல்லிளித்தன. முதல் விளக்கு மட்டும் பல் விழுந்த கிழவர் மாதிரி.

ஆகஸ்ட் 28: 131. 29: 131. 30: 130. 31: 129. செப்டம்பர் 1: 129. 2: 128. 3: 127. 4: 127. 5: 126. 6: 126. 7: 125.

அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை பார்த்துக்கொள். இப்படி ஒரு நல்ல கையெழுத்துக்கு என் தமிழம்மாகூடத் தனி மார்க் போடுவார். நீ இனி தூங்கலாம். தூங்கும்போது காலைக் கொசு கடித்தால் அது நான் அனுப்பியது அல்ல.

பயிர் இருக்கிறது.

செம்மொழி


பெங்களூரு
செப்டம்பர் 14, வியாழன்

என் தங்கைக்கு,

உன் தாளைச் சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார். "வயலில் வேலை செய்கிறது என்றால் இதற்கு மேல் தொட வேண்டாம், அப்படியே அனுப்பு" என்றார். கல்லை நாலாகப் பிரித்து வரையத் தொடங்கியிருந்தேன். அந்தக் கோப்பை மூடிவிட்டேன்.

முதல் தடவையாக மற்ற ஐந்து பேரும் என்னை டீக்கு அழைத்துப் போனார்கள். "உன் சிஸ்டர் பெயர் என்ன" என்று ஒருவன் கேட்டான். சொன்னேன். எலியை அனுப்பியவளும் நீதான் என்பதைச் சொல்லவில்லை. ஆராய்ச்சி நூலின் முதல் பக்கத்தில் நன்றி என்று போட்டு உன் பெயரை எழுதப் போகிறேன், அதில் என்ன குறும்பு செய்ய முடியும் என்று யோசித்துக்கொண்டிரு.

25-ஆம் தேதி காலை அனுப்பிவிடுவோம். 30 மாலை ஐந்து மணிவரை ஏதாவது தவறு தெரிந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. அதற்குப் பிறகு கடவுளே வந்தாலும் முடியாது. அந்தத் தேதி தாண்டட்டும், பூட்டைத் திறக்கிறேன்.

உன்னை இவ்வளவு நாள் திட்டியதற்கு வருத்தமாக இருக்கிறது.

செழியன்


பெங்களூரு
அக்டோபர் 1, ஞாயிறு

மொழி,

வெள்ளிக்கிழமை தௌபீக் அண்ணன் ஜெராக்ஸ் கடை எண்ணிலிருந்து கூப்பிட்டது எதற்கு? "சாப்பிட்டியா அண்ணே" என்றாய். என்ன சாப்பிட்டேன் என்றும் கேட்டாய். பிறந்ததிலிருந்து நீ கேட்டதில்லை. நான் சிரித்துக்கொண்டே பேசினேன், நீ சிரிக்கவில்லை. வைக்கும்போது ஏதோ சொல்ல வந்து நிறுத்திய மாதிரி இருந்தது. அடுத்து என்ன வெடி வைத்திருக்கிறாய் என்று நாற்காலிக்கு அடியில் எல்லாம் பார்த்துவிட்டேன்.

நேற்று மாலை ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்தது. இனி அது தொழிற்சாலைக்காரன் சொத்து.

அப்பா உடம்புக்கு ஒன்றுமில்லையே?

செழியன்


வாளமங்கலம்
அக்டோபர் 4, புதன்

அண்ணே,

அப்பா உடம்புக்கு ஒன்றுமில்லை. இதை உட்கார்ந்து படி.

ஆகஸ்ட் 29-ஆம் தேதி 131 பார்த்தேன். அது நிஜம். மறுநாள் பொத்தானை அமுக்கினேன், ஒரு விளக்கும் எரியவில்லை. பெட்டியின் கம்பி இறங்கிய இடத்தில் சேறு வெடித்து விலகிவிட்டது. உன் பெட்டிக்குக் குடிக்க ஒன்றும் இல்லை. தினமும் போய் அமுக்கினேன். ஒன்பது நாள் அமுக்கினேன். செப்டம்பர் 6-ஆம் தேதி உன் கடிதம் வந்தது, நாலே படி, ஒரு வரி எழுது என்று. இங்கே அம்மா அன்றைக்குச் சமைக்கவில்லை, அப்பா வயலுக்குப் போகவில்லை. எல்லாமே நின்றுபோயிருந்த வீட்டில் உன் ஒரு காரியமாவது ஓடட்டும் என்று நினைத்தேன். 131-க்குப் பிறகு 130 வரும், 129 வரும், இதில் என்ன பொய் இருக்கிறது, பெட்டி தூங்கியதால் நான் அதற்குப் பதிலாகச் சொல்கிறேன் என்று நினைத்தேன். ஒன்பது எண்ணும் நான் எழுதியவை.

10-ஆம் தேதி ஒரு முறைத் தண்ணீர் வந்தது. பெட்டி விழித்துக்கொண்டு 171 சொன்னது. எனக்கு நிம்மதி. அப்புறம் மறுபடி இறங்கியது. 26-ஆம் தேதி 128. அடுத்த நாள் காலை 128, மாலை 126. நடுவில் நான் இல்லாதபோது 127 வந்து போயிருக்கும் என்று என்னையே ஏமாற்றிப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

28-ஆம் தேதி மிலாது நபி விடுமுறை. குழாயடியிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து போய்ப் பெட்டியைச் சுற்றி ஊற்றினேன். 123-இல் இருந்தது. குடம் குடமாக ஏறியது. 124, 125, 126. இப்போது குடத்தைச் சாய்த்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். 126, 126, 126. அப்புறம் 128. காய விட்டேன். வெயிலில் உட்கார்ந்து அமுக்கிக்கொண்டே இருந்தேன். 128, 128, 126. மறுபடி ஊற்றினேன்.

அப்பா வந்தது எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் பயிருக்கு ஊற்றுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

"இந்த மூலையாவது பொழைக்கட்டும்னு பாக்கறியாம்மா" என்றார்.

நான் மிச்சத் தண்ணீரையும் ஊற்றினேன். அவர் வீட்டுக்குப் போய் இன்னொரு குடத்தை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் சுமந்தோம். ஒவ்வொரு குடம் ஊற்றியதும், "இப்ப என்ன சொல்லுது" என்று கேட்டார்.

"நூத்து இருபத்தாறு."

"இப்ப?"

"நூத்து இருபத்தெட்டு."

"ஏறுதுல்ல" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. அந்த மாதிரி அவர் சிரித்து இரண்டு மாதம் இருக்கும். வயலில் இருந்த நேரம் முழுக்க ஏழு விளக்கு சேர்ந்து எரியவே இல்லை அண்ணே. ஒரு தடவைகூட இல்லை.

மறுநாள் தௌபீக் அண்ணன் கடை திறந்ததும் ஓடினேன். திரும்ப வாங்க இன்னும் ஒரு நாள் இருந்தது. நீ போனை எடுத்ததும் "யாரு, என் லேப் அசிஸ்டென்ட்டா" என்று சிரித்தாய். பக்கத்தில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டேன்.

இதில் வேடிக்கை எதுவும் இல்லை. இருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

செம்மொழி


வாளமங்கலம்
அக்டோபர் 22, ஞாயிறு

அண்ணே,

பதில் வரவில்லை. தபால் தொலைந்திருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். இல்லை என்று தெரியும்.

மேட்டூரை மூடிவிட்டார்கள். போன வாரம் அப்பா எதுவும் சொல்லாமல் மாடுகளை அவிழ்த்து மூன்று மாவிலும் விட்டார். மாடு வாளியை முட்டித் தள்ளிவிடாமல் நான் பக்கத்தில் நின்றேன். நானும் அப்பாவும் ஊற்றிய மூலையையும் தின்றன.

டீக்கடையில் அப்பா என்னைப் பற்றிப் பேசுகிறாராம், குடத்தில் தண்ணி சுமந்து பயிரைக் காப்பாத்தப் பார்த்த பிள்ளை என்று. அதைக் கேட்கும்போது எனக்கு எங்கே ஓடுவது என்று தெரியவில்லை.

எண்கள்: 8-ஆம் தேதிவரை பார்த்தது தாளில். 9 முதல் 21 வரை விளக்கு எரியவில்லை. கோடு போட்டிருக்கிறேன்.

திட்டி எழுது. இரண்டு பக்கம் திட்டு.

செம்மொழி


பெங்களூரு
நவம்பர் 5, ஞாயிறு

செம்மொழிக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றில் நீ கேட்ட இரண்டு பக்கம் இருந்தது.

நாலாவதைக் கிழிக்கும்போது உனக்கு நான் எழுதிய பழைய கடிதங்களை நினைத்துப் பார்த்தேன். என்ன எண் வேண்டும் என்று சொன்னது நான். எந்தெந்தப் படி இறங்க வேண்டும் என்று வரிசையாக எழுதிக் கொடுத்ததும் நான். பெட்டி சொல்வதைக் கேள் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பிடித்ததைச் சொல் என்று கேட்டேன். நீ சொன்னாய். இன்னொன்றும் இருக்கிறது. நிஜமான தராசு அவ்வளவு சீராக இறங்காது. ஒரு நாளாவது தடுமாறியிருக்கும், ஒன்று ஏறி இறங்கியிருக்கும். இரண்டு வருஷமாக இதே வேலை செய்கிறவனுக்கு அது கண்ணில் பட்டிருக்க வேண்டும். பட்டிருக்கும். நான்தான் பார்க்க விரும்பவில்லை.

இதனால் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. உன் குரலை இப்போது என்னால் கேட்க முடியாது. காகிதமே இருக்கட்டும்.

சாரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லியும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அந்தச் சிலிக்கான் இப்போது ஏதோ ஓர் உலையில் இருக்கிறது. தவறு என்று தெரிந்த ஒன்றை அவர்கள் மிகச் சுத்தமாக, மிகக் கவனமாகச் செய்துகொண்டிருப்பார்கள். நான் தினமும் லேபுக்குப் போய் அது வருவதற்கான மேசையைத் தயார் செய்கிறேன். யாராவது "எப்ப வருது சிப்" என்று கேட்டால் தேதி சொல்கிறேன்.

ஒருவேளை புதிய சிப்பில் சுவிட்சு அவ்வளவு கசியாமல் இருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருக்கலாம் என்றுதான் வருகிறது.

சம்பாவுக்கு மழையை நம்பி விதைத்தாரா அப்பா?

செழியன்


பெங்களூரு
பிப்ரவரி 3, சனி

செம்மொழிக்கு,

சிப் வந்தது. நாற்பது. ஏசியில் எல்லாம் நன்றாக வேலை செய்தன. சூட்டில், சேறு தருகிற அளவுக்கு மின்சாரத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். ஒன்றிலும் 127 இல்லை. நாற்பதையும் பார்த்தேன்.

12-ஆம் தேதி சாரோடு உட்கார்ந்து காரணம் சொல்ல வேண்டும். வயலில் வந்த எண் இங்கே ஏன் வரவில்லை என்றுதான் முதல் கேள்வி இருக்கும். என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீ ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா தெரிவிக்கிறேன்.

செழியன்


பெங்களூரு
பிப்ரவரி 12, திங்கள்

மொழி,

முடிந்தது. நல்லபடியாக முடிந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

சார் நேராகக் கேட்டார், "அந்தப் பதினொரு நாளும் உன் தங்கை நேரில் பார்த்தாளா?"

எல்லாவற்றையும் சொல்லத்தான் போயிருந்தேன். வாயைத் திறந்தால் வேறொன்று வந்தது. "பார்த்தாள் சார். ஒவ்வொரு நாளும் பெட்டி பக்கத்தில் நின்று போனில் சொன்னாள், நானே கேட்டேன்" என்றேன். உன் பெயரை அந்த அறையில் வேறு மாதிரி உச்சரிக்கக் கேட்க என்னால் முடியாது. அதுதான் காரணம். யோசித்துச் செய்யவில்லை.

சார் பேனாவை மூடி வைத்தார். "நீயே கேட்டாய் என்றால் சரி. அப்போது இரண்டு சிப்புக்கும் நடுவில் தொழிற்சாலையில் ஏதோ மாறியிருக்கிறது. உன் மேல் தவறு இல்லை" என்றார். ஆறு மாத நீட்டிப்புக்கு அவரே பரிந்துரை எழுதுகிறார். கமிட்டி வெள்ளிக்கிழமை கூடுகிறது. அவர் சொன்னால் மறுப்பவர்கள் கிடையாது. ஆகஸ்டில் இன்னொரு தடவை அனுப்பலாம். கல்லை நாலாகப் பிரித்து வரைவேன்.

பொய்யில் கிடைத்த ஆறு மாதம். உன்னிடம் அடித்துத் திருத்தாதே என்று சொன்னவன் நான். இதை நீயும் நானும் மட்டும் வைத்துக்கொள்வோம். யாரிடமும் சொல்லாதே, அப்பாவிடமும்.

வெள்ளி இரவு பூட்டைத் திறக்கிறேன். பேசலாம்.

செழியன்


வாளமங்கலம்
பிப்ரவரி 16, வெள்ளி

அண்ணே,

உன் கடிதம் இன்று பதினொரு மணிக்கு வந்தது.

நீ ஒன்றும் செய்ய வேண்டாம் என்றுதான் எழுதியிருந்தாய். என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். நான் இரண்டாவதை மட்டும் படித்துவிட்டேன் போலிருக்கிறது. 8-ஆம் தேதி பட்டுக்கோட்டைக்குப் போய் உன் சாருக்குப் பதிவுத் தபால் போட்டேன். நாலு பக்கம். ஒன்பது எண்ணும் நான் இட்டுக்கட்டியவை, என் அண்ணனுக்கு எதுவும் தெரியாது, தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்கள் என்று எழுதினேன். அண்ணனிடம் சொல்ல வழி இல்லாமல் போனது, ஏனென்றால் ஜூலையிலிருந்தே என்னை ப்ளாக் செய்திருந்தார், போனில் நாங்கள் பேசுவதே இல்லை என்றும் எழுதினேன். உன்மேல் பழி வராமலிருக்க அந்த வரிக்கு அடியில் கோடு போட்டேன். வயலில் வைத்து எழுதிய நோட்டையும் உள்ளே வைத்தேன், நம்பட்டும் என்று.

உன் கடிதத்தோடு போஸ்ட் ஆபீசுக்கு ஓடினேன். இராஜாங்கம் சார் ரசீதை வாங்கி எண்ணைத் தட்டிப் பார்த்தார்.

"திருப்பி வாங்க முடியுமா சார்?"

"குடுத்தாச்சே பாப்பா. செவ்வாய்க்கிழமையே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்க. நல்லாப் போய்ச் சேந்துடுச்சு, கவலைப்படாதே."

தௌபீக் அண்ணன் கடையிலிருந்து மூன்று தடவை அடித்தேன். மணி போகிறது, நீ எடுக்கவில்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. கமிட்டி எத்தனை மணிக்கு என்று நீ எழுதவில்லை.

அவர் செவ்வாய்க்கிழமையே படித்திருப்பார். படித்தவர் புதன், வியாழன் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லையா? கேட்டிருந்தால் என்ன சொன்னாய்? மறுபடி அடித்துப் பார்க்கிறேன். இதுவரை எழுதியதை இங்கே தபால் பெட்டியில் போடுகிறேன், மூன்று மணிக்குப் பை எடுப்பார்கள்.

செம்மொழி